திமிலன் உட்கார்ந்த நாள்

ஒகோரா கடல் வழியாகவும் திமிலன் உப்பளத்து வழியாகவும் சிப்பித்துறைக்கு வந்து சேர்ந்த காலையில், ஏலக்காரி சலேத் ஒரு சாளைமீன் குவியலுக்கு இரண்டாம் தரம் கூறிவிட்டு மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்திருந்தாள். கூட்டம் மொத்தமும் அவளை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தது, பிறகு கரையைப் பார்த்தது, பிறகு வந்த வேலை கெடக்கூடாதே என்று மறுபடியும் அவளையே பார்த்தது. சலேத் மூன்றாம் தரமும் கூறி, எடுத்தவரின் பெயரைச் சொல்லி, மீனை ஒப்படைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கடலில், தன் இடுப்பு முங்குகிற ஆழத்தில், ஆறு கைகளோடு பாசிப் பச்சையாக ஒன்று நின்றது. கரையில், கலங்கரை விளக்கத்தின் தோளில் கைபோடுகிற உயரத்தில், முதுகுத் திமிலில் தணல் கனன்றுகொண்டிருக்க இன்னொன்று நின்றது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. சண்டை போடுகிற அவசரம் இரண்டுக்கும் இல்லை, தங்கள் முறை வரட்டும் என்று ரேஷன் கடை வாசலில் நிற்பவர்களின் பொறுமைதான் இருந்தது.

மற்றவர்கள் என்னவோ ஏதோ என்று பேசிக்கொண்டிருக்க, சலேத்துக்கு இரண்டும் யாரென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவள் கூறிய முதல் ஏலம் இவர்களுக்காகத்தான். இத்தனை வருஷத்தில் அவள் முடிக்காமல் விட்ட ஒரே ஏலமும் அதுதான்.

அது நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கோடை விடுமுறை. சிப்பித்துறைப் பேருந்து நிலையத்தில் வறுகடலை விற்றவர், எங்கிருந்தோ எடைக்கு வாங்கி வந்த பழைய சித்திரக்கதைத் தாள்களில் பொட்டலம் கட்டுவார். ஒருநாள் தஸ்நேவிஸ் என்ற பயல் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தால் அதில் முதுகில் திமிலும் திமிலில் நெருப்புமாக ஒரு வேற்றுக்கிரகப் பூதம். கூடவே வாங்கிய அவன் சிநேகிதன் கஸ்பாரின் பொட்டலத்தில் ஆறு கைகளோடு கடலைக் கலக்குகிற இன்னொரு பூதம். கதையின் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது, இரண்டும் ஒரே கதையில்தான் வருகின்றனவா என்பதுகூடத் தெரியாது. அதனால் என்ன, கடலை தீர்வதற்குள் சண்டை தொடங்கிவிட்டது: ரெண்டும் மோதினால் எது ஜெயிக்கும்? தண்ணீரில் மோதினால் ஒகோரா என்றான் கஸ்பார், தரையில் மோதினால் திமிலன் என்றான் தஸ்நேவிஸ், தண்ணீரா தரையா என்பதிலேயே இரண்டு பேரும் சட்டைப் பொத்தான் தெறிக்கக் கட்டிப் புரண்டார்கள். ஒன்றாகவே சாப்பிட்டு ஒன்றாகவே கடலில் கிடந்து ஒன்றாகவே அடி வாங்கி வளர்ந்த பயல்கள் பூதத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஏலக்காரர் சந்தியாகுவின் மகளான சலேத்துதான் வழி சொன்னாள். ஒரு மீனுக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டால் நம் கரையில் என்ன செய்வோம், ஏலம் கூறுவோம், அதையே செய்வோம் என்றாள். ஒருவன் தன் பூதத்துக்கு ஒரு சக்தியைக் கூற வேண்டும், மற்றவன் அதை மிஞ்சுகிற சக்தியைக் கூற வேண்டும், மிஞ்ச முடியாமல் எவன் நிற்கிறானோ அவன் தோற்றான், மற்றவன் பெயருக்கு மூன்று தரம். இன்னொரு நடைமுறையும் அந்தக் கரைக்கு உண்டு. ஏலத்தில் தோற்றவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகக் கூடாது, ஜெயித்தவனின் கூடைக்கு ஒரு கை கொடுத்துத் தலையில் ஏற்றிவிட்ட பிறகுதான் போக வேண்டும். இதற்கும் பயல்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த விடுமுறை முழுக்க, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் சலேத் ஏறி நிற்க, கீழே மணலில் ஏலம் நடந்தது. திமிலனுக்கு ஆமையோட்டுத் தோல் என்றால் ஒகோராவுக்குப் பாறையை உறையவைக்கும் மூச்சு. திமிலனுக்கு மூன்று இதயம் என்றால் ஒகோராவுக்குக் கடலில் உள்ள மீன் ஒவ்வொன்றின் பெயரும் தெரியும், கூப்பிட்டால் சுறாக்கள் வரும். யாராவது பொய் சொன்னால் திமிலனுக்கு மூக்கு அரிக்கும் என்று தஸ்நேவிஸ் கூறியபோது, சண்டைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கஸ்பார் குதித்தான், இடது பக்கம் அடிக்கிற மாதிரி காட்டிவிட்டு வலது பக்கம் அடித்தால் அது பொய்தானே, திமிலனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றான் தஸ்நேவிஸ். சலேத் அதை ஏற்றுக்கொண்டாள். ஒகோராவின் ஆறாவது கை முதுகு சொறிவதற்கென்றே இருக்கிறது, அதனால் சண்டையில் அதற்குக் கவனமே சிதறாது என்று கஸ்பார் பதிலுக்குக் கூறினான். அதையும் ஏற்றுக்கொண்டாள். சக்தியெல்லாம் தீர்ந்துபோன பிறகு ஒகோராவுக்குப் பாட்டு வரும் என்றுகூடக் கூறினான் கஸ்பார்.

விடுமுறை முடிகிற மாலையில் தஸ்நேவிஸ் வெகுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து நின்றான்.

“எந் திமிலன் சண்ட முடியிற வரைக்கும் உக்காரவே மாட்டான். எத்தன வருசமானாலும் நின்னுக்கிட்டே இருப்பான்.”

கஸ்பார் நகத்தைக் கடித்தான். சலேத் ஒருதரம் கூறினாள். கஸ்பார் கடலைப் பார்த்தான். ரெண்டுதரம் கூறினாள். அப்போதுதான் துறையிலிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். கஸ்பாரின் அப்பா போன வள்ளம் உடைந்துவிட்டது, பலகை மட்டும் ஒதுங்கியிருக்கிறது. கஸ்பார் ஓடினான். காரியமெல்லாம் முடிந்த கையோடு அவன் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொச்சியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு கஸ்பார் கப்பலில் சேர்ந்து உலகத்திலுள்ள துறைமுகமெல்லாம் பார்த்தான் என்று கேள்வி, சிப்பித்துறையை மட்டும் பார்க்க வரவில்லை.

சலேத் அப்பாவுக்குப் பின் ஏலக்காரியானாள், படகு எஞ்சின் மெக்கானிக்கான தஸ்நேவிஸைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அவர் பெயரைச் சொன்னதில்லை. அது அந்தக் கரைப் பெண்களின் வழக்கம். ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வீட்டுக்காரர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்ப்பாள், யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். சிறுமியாக வள்ளத்தின் மேல் நின்று தொண்டை கிழியக் கூவிய பெயர் அப்படியே உள்ளே போய்விட்டது. வீட்டில் சின்னச் சண்டை வரும்போது மட்டும், அவரைச் சீண்டுவதற்காக, திமிலனுக்கு இப்போதே மூணாந்தரம் கூறிவிடட்டுமா என்பாள். அவர் கிரீஸ் கையோடு வந்து அவள் வாயைப் பொத்துவார்.

“எதிராளி இல்லாம மூணாந்தரம் கூறுனா அது ஏலமில்ல புள்ள, களவு. அவன் வரட்டும்.”

அவன் வரவில்லை. தஸ்நேவிஸ் நெஞ்சுவலியில் போய் இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிறது. அடக்கத்துக்கும் கஸ்பார் வரவில்லை. அந்த ஏலம் இரண்டாம் தரத்திலேயே நின்றது.

இப்போது இவர்கள் வந்து நிற்கிறார்கள்.

சிப்பித்துறை புயலையும் பார்த்த ஊர், கடல் ஊருக்குள் புகுந்ததையும் பார்த்த ஊர், வந்தது வந்துவிட்டது என்றால் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் தெரிந்த ஊர். முதல் நாள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒகோராவின் மூச்சுக்கு நேராக மீன்பெட்டிகளை வைத்தால் ஐஸ் போட வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தார்கள். திமிலனின் தணல் வெக்கையில் கருவாடு பாதி நேரத்தில் காய்ந்தது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து சுற்றிலும் கயிறு கட்டி, இப்பகுதியில் குளிக்கக் கூடாது என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். பலகையின் நிழலில்தான் மறுநாள் முதல் சீட்டாட்டம். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள், சண்டை எப்போது என்று கேட்டார்கள், தெரியாது என்றதும் வேறெங்கோ சண்டை நடக்கிற ஊருக்குப் போய்விட்டார்கள். கோயில் மணி அடித்தால் ஒகோரா அடித்தொண்டையில் பாடும், கஸ்பார் கூறியிருந்தானே. மாலைப் பூசைக்கு வழக்கமாகத் தொடக்கப் பாட்டு எடுக்கிற பெண்கள் முதலில் கோபித்துக்கொண்டு, பிறகு சுருதியை அதற்குத் தக்கபடி இறக்கிக்கொண்டார்கள்.

திமிலனின் மூக்குதான் கொஞ்சம் சங்கடத்தை உண்டாக்கியது. அதன் பார்வையில் யாராவது பொய் சொன்னால் தென்னை மரம் போன்ற கையை உயர்த்தி அது மூக்கைச் சொறிந்துகொள்ளும். பழைய மீனைப் புது மீன் என்று விற்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரைத் தற்செயலாகக் கூப்பிட்டு வருவதுபோல் கடற்கரைக்குக் கூட்டிவந்து, பையன் குடிப்பானா என்று பெண்வீட்டார் விசாரித்தார்கள். வார்டு கவுன்சிலர் கடற்கரைச் சாலையை விட்டுவிட்டுச் சந்தைத் தெரு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினார்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நடந்தது வேறு. இஸ்மாயில் பாய் டீக்கடையில் எவரோ ஒருவர், ரெண்டும் மோதினா எது ஜெயிக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டார், அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிளந்தது. வடக்குத் தெரு திமிலன் கட்சி, தெற்குத் தெரு ஒகோரா கட்சி. வங்கி மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு ஆட்டோ ஓட்டுநரோடு மல்லுக்கு நின்றார், மடத்துச் சகோதரிகள் ரகசியமாகச் சீட்டு எழுதிப் போட்டார்கள், நாற்பது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் பண்ணிய கிழவர்களும் கிழவிகளும் தண்ணீரா தரையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தாங்கள் எப்போதோ எதற்காகவோ இப்படிக் கட்டிப் புரண்ட ஒரு சிநேகிதன் நினைவுக்கு வந்தான். பேசி வருஷக்கணக்கான ஆட்களுக்குப் போன் போட்டு, “ஏலே, நீ சொல்லு, எது ஜெயிக்கும்” என்று கேட்டார்கள். ஊரே அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிந்த மாதிரி இருந்தது அந்தக் காலம். சலேத் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அவர் இருந்து இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்தாள்.

தினமும் ஏலம் முடிந்ததும் அவள் திமிலனின் காலடியில் போய் உட்காருவாள். ஆமையோட்டுத் தோலைத் தடவினால் அவர் அதைக் கூறிய மாலை நினைவுக்கு வரும். காதை வைத்துக் கேட்டால் மூன்று இதயங்களும் முன்பின்னாக அடிக்கும், அவர் பழுது பார்த்த எஞ்சின்கள் மாதிரி.

மழைக்காலம் நெருங்கியபோது திமிலனின் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. அது உட்காரவில்லை, உட்காராது. வடக்குத் தெருக்காரர்கள் பனங்கட்டைகளை முட்டுக்கொடுத்தார்கள், பெண்கள் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார்கள், அது தொடவில்லை. திமிலில் தணல் குறைந்து சாம்பல் பூத்தது. நடுக்கத்தில் அது விடுகிற முனகலைக் கேட்டுவிட்டு வீட்டில் பிள்ளைகள் சோறு உண்ணவில்லை. ஒகோராவும் பாட்டை நிறுத்திவிட்டு எதிராளியையே கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றது. பழைய ஏலத்தின் கதை ஊரில் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமியும் ஊராரும் கடற்கரைக்கு வந்து சலேத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த ஏலத்தை அவள்தான் முடித்துவைக்க வேண்டும், அந்த உயிருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சாமி கேட்டுக்கொண்டார்.

“அது எங்க நின்னுதுன்னே எனக்கு மறந்துபோச்சு சாமி” என்றாள் சலேத்.

அவள் தலைக்கு மேலே, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, திமிலன் நடுங்குகிற கையைப் பெரும்பாடு பட்டு உயர்த்தி மூக்கைச் சொறிந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சலேத் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“முடிச்சா அது போயிரும் சாமி. அவுக வாயில இருந்து வந்த சொல்லு ஒண்ணொண்ணும் அங்கன உசுரோட நிக்கு. எங்க வீட்டுப் போட்டோவுலகூட இம்புட்டு அவுக இல்ல.”

சாமி ஊராரைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு யாரும் அவளை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் அவள் பிடிவாதமாக இருந்திருப்பாள். ஒவ்வொரு காலையும் ஏலம் கூறும்போது எதிரே அந்த முழங்கால்கள் ஆடுவதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. தன் ஆசைக்காக ஒன்றை இப்படி நிறுத்திவைப்பதும் களவுதான் என்று அவளுக்குப் பட்டது. கப்பலுக்குப் போகிற ஊர்ப் பையன்களிடம் கஸ்பாரைத் தேடச் சொன்னாள். கப்பல்காரர்கள் கப்பல்காரர்களிடம் கேட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கொச்சியில்தான் இருக்கிறான் என்று தெரிந்தது. திமிலன் இன்னும் நிக்கிறான், இத மட்டும் சொல்லுங்க என்று சொல்லியனுப்பினாள்.

கஸ்பார் முற்பகல் பேருந்தில் வந்து இறங்கினான். தலை வழுக்கையாகி, கப்பல் தளத்தில் நடப்பதுபோல் கால்களை அகட்டிவைத்து நடந்து, ஒரு தோள்பையோடு நேராகக் கடற்கரைக்கு வந்தான். முதலில் ஒகோராவைப் பார்த்தான், முதுகைச் சொறிந்துகொண்டிருந்த அதன் ஆறாவது கையைப் பார்த்தான். பிறகு திமிலனை அண்ணாந்து பார்த்தான். கடைசியாகத்தான் சலேத்தைப் பார்த்தான்.

“வரணும்னுதான் இருந்தேன் சலேத்து. கப்பல்ல லீவே கெடைக்கல.”

திமிலனின் கை மூக்குக்குப் போயிற்று. பொய்க்கு மூக்கு அரிக்கும் என்ற கூற்றை எதிர்த்து நாற்பது வருஷத்துக்கு முன்னால் குதித்தவன் அல்லவா, கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான்.

“பயந்துட்டேன். மொதல்ல இந்தக் கடலப் பாக்க பயம். அப்புறம் அவன் மொகத்தப் பாக்க பயம். வருசம் போகப் போக அதுதான் கூடுச்சு. செத்த சேதியும் தெரியும். தெரிஞ்சுதான் வரல.”

கை கீழே இறங்கியது. சலேத்துக்கு அவனைத் திட்டுவதற்கு எவ்வளவோ இருந்தது, இத்தனை வருஷமும் மனசுக்குள் திட்டியும் வந்திருந்தாள். ஆனால் அவன் அடுத்ததைக் கேட்டுவிட்டான்.

“எம்மேல கோவமா இருந்தானா?”

“ஒருநாளும் இல்ல.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திமிலனின் மூக்கைப் பார்த்தார்கள். அலை வந்து போயிற்று, இன்னொன்று வந்து போயிற்று. கை அசையவில்லை. கஸ்பார் அங்கேயே மணலில் குந்தி, அப்பாவின் வள்ளத்துப் பலகை ஒதுங்கிய அன்றைக்கு அழாமல் விட்டதையும் சேர்த்து அழுதான்.

அதற்குள் கூட்டம் தானாகக் கூடி, ஏலத்துக்கு நிற்கிற மாதிரியே அரை வட்டமாக நின்றுவிட்டது. யாரோ ஒரு பழைய வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டார்கள், இரண்டு பெண்கள் கை கொடுத்து சலேத்தை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். முறைப்படி, நின்ற இடத்திலிருந்து எடுத்தாள். திமிலன் சண்டை முடிகிறவரை உட்காராமல் நிற்பான் என்பது நிற்கிற கூற்று, ரெண்டுதரம் ஆகிவிட்டது, மிஞ்சுகிறவர் மிஞ்சலாம் என்றாள். தெற்குத் தெருக்காரர்கள் கஸ்பாரின் காதில் கிசுகிசுத்தார்கள், விஷக் கொடுக்கு என்றார்கள், கண்ணில் மின்னல் என்றார்கள். கஸ்பார் வேண்டாம் என்று கையசைத்தான்.

“எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. ஒகோரா பறக்கும்னு சொல்ல இருந்தேன். அன்னைக்கு வாயத் தொறக்கதுக்குள்ள ஆளு வந்துட்டாங்க, இத்தன வருசமும் அத மனசுக்குள்ளயே வச்சிருந்தேன். ஆனா நமக்காக நின்னுக்கிட்டே இருந்தவன அத வச்சி ஜெயிக்க முடியாது. நீ கூறு.”

சலேத் கூட்டத்தைப் பார்த்தாள். திமிலனைப் பார்த்தாள், அதன் தோலை, திமிலை, மூக்கை, ஒவ்வொன்றாக. மூன்றாம் தரம் கூறினால் மட்டும் போதாது, எடுத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், பெயர் சொல்லாத ஏலம் அந்தக் கரையில் செல்லாது. வழக்கம்போல் பெயர் எடுத்துக் கொடுக்கச் சிலர் வாய் திறந்தார்கள், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மூணுதரம்” என்றாள். பிறகு சிறுமியாக நின்று கூவிய அதே குரலை எங்கிருந்தோ இழுத்து, உப்பளம் வரை கேட்கும்படி, “தஸ்நேவிஸ்” என்றாள்.

திமிலன் உட்கார்ந்தது. முட்டுக்கட்டைகள் சரிந்து விழ, மெல்ல, ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி, நாள் முழுக்க வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு வந்து உட்காருகிற மாதிரி உட்கார்ந்து பெரிதாக மூச்சுவிட்டது. அந்த மூச்சில் திமிலின் சாம்பல் பறந்து தணல் ஒருமுறை சிவந்தது. வடக்குத் தெருக்காரர்கள் கைதட்ட நினைத்து, தட்டாமல் நின்றார்கள்.

அப்போது ஒகோரா முதல்முறையாகக் கரையேறி வந்தது. தோற்றவர் செய்ய வேண்டியதை அது அறிந்திருந்தது. நான்கு கைகளால் திமிலனைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டது, ஐந்தாவது கையால் அதன் தலையைத் தாங்கிக்கொண்டது. முதுகு சொறிவதற்கென்றே இருக்கிறது என்று கஸ்பார் கூறியிருந்த ஆறாவது கையால், திமிலுக்குக் கீழே எட்டாத இடத்தில், மெதுவாகச் சொறிந்துவிட்டது. இரண்டும் கடலுக்குள் போயின. ஆழம் வந்ததும் ஒகோரா பாடத் தொடங்கியது, பாட்டு கேட்கிற தூரத்தைத் தாண்டியும் தணல் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளியாக நெடுநேரம் தெரிந்தது.

கூட்டம் கலைந்தது. கஸ்பார் கைநீட்டி, சலேத்தை வள்ளத்திலிருந்து இறக்கிவிட்டான்.

“எங்க வச்சிருக்கீக அவன?”

“கல்லறைத் தோட்டத்துல, வேப்பமரத்துக்குக் கீழ. வா, காட்டுதேன்.”

கடற்கரைச் சாலை வழியாக இரண்டு பேரும் நடந்தார்கள். இஸ்மாயில் பாய் டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்து எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார், ஐஸ் கம்பெனி வாசலில் நின்றவர்கள் கேட்டார்கள், வங்கி மேலாளர் கேட்டார். பக்கத்தில் யாரையும் பார்க்காமல், நடையையும் நிறுத்தாமல், சலேத் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனாள்.

“தஸ்நேவிசப் பாக்கப் போறோம்.”